உப்புப் பார்க்க ஓர் ஆள்

1

2025 மார்ச் 8, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. ஜப்பானின் சப்போரோவில் பனி இன்னும் என் அறைச் சன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துக் கிடந்தது. ஊரில் அப்போது முற்பகல் பதினொன்று. எங்கள் கரை ஊரான மயிலிட்டியில் அம்மா மதியச் சமையலுக்கு அடுப்பு மூட்டியிருக்கும் நேரம். நானும் என் அடுப்பை மூட்டினேன்.

அன்று நான் வைத்தது மிசோ சூப். சோயா அவரையை அவித்து மசித்து, உப்பும் பூஞ்சணம் பிடிக்க வைத்த அரிசியும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்க விட்டு எடுக்கும் களிதான் மிசோ. பார்வைக்குப் பழப்புளியைப் பிசைந்து வைத்தது போல இருக்கும். இந்த நாட்டவர் வழக்கமாக உலர்ந்த மீன் சீவலை அவித்த நீரில் அதைக் கரைப்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. மீன் சீவலுக்குப் பதிலாகப் பேக்கன் போடுவேன்: உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சிக் கீற்று.

செய்முறை எளிது. எண்ணெய் விடாத சட்டியில் பேக்கன் துண்டுகளைப் போட்டால் அதன் கொழுப்பே உருகி எண்ணெயாகும். ஓரம் சுருண்டதும் வெங்காயம், கரட், வெள்ளை முள்ளங்கி, உருளைக்கிழங்கு, கடைசியில் கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ். தண்ணீர் விட்டு, மேலே எழும் நுரையை அகப்பையால் வழித்தெடுத்து, கிழங்கு வேகும்வரை கொதிக்க விட வேண்டும். அடுப்பை அணைத்த பிறகுதான் மிசோ. அகப்பையில் கொஞ்சம் எடுத்து, அந்தச் சுடுநீரிலேயே குச்சியால் கரைத்துக் கரைத்துச் சேர்க்க வேண்டும். மிசோ விழுந்த பிறகு சூப் கொதித்தால் மணம் போய்விடும். எவ்வளவு போடுவது என்பதற்குக் கணக்கு இல்லை. ஒவ்வொரு மிசோவுக்கும் உப்பு வேறு. நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

கடற்கரையில் பிறந்த பெண் பன்றிக் கீற்றில் சாறெடுக்கிறாளே என்று ஊரில் வாசிப்பவர்கள் நினைக்கக்கூடும். எங்கள் வீட்டில் பன்றி இறைச்சிக்குத் தடை ஏதும் இருந்ததில்லை. அதற்கு இடமும் இருந்ததில்லை, அவ்வளவுதான். இங்கே மீன் நிறைய உண்டு. ஆனால் அது தலையில்லாமல், கண்ணில்லாமல், வெள்ளைத் தட்டில் நீட்டிக் கிடக்கும். அதை வாங்கிச் சமைத்தால் முதல் வாயிலேயே அப்பா கொண்டுவரும் மீனோடு ஒப்பிடத் தோன்றும். பேக்கனை நான் எதனுடனும் ஒப்பிட வேண்டியிருக்கவில்லை. அதனால் அதைச் சாப்பிடுவது இலகுவாக இருந்தது. வந்த புதிதில் தொடங்கியது, இப்போது கிழமையில் மூன்று நான்கு நாளாவது அந்தச் சூப்தான்.

2

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒரு செய்தி இருந்தது.

என் முதுகலைப் படிப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருந்தது. இன்னும் மூன்று ஆண்டுகள். விண்ணப்பித்ததை வீட்டில் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் வீண் பேச்சு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கிடைத்த பிறகும் சொல்லவில்லை. வதிவிட அட்டையைப் புதுப்பித்துத் தரட்டும், பிறகு பார்ப்போம் என்று இன்னொரு காரணம் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை குடிவரவு அலுவலகத்தில் காத்திருந்து அட்டையை வாங்கிவிட்டேன். அதன் பிறகு காரணம் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

அந்த அலுவலகத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அட்டையைத் தந்த அலுவலர் வயதில் என்னைவிடச் சற்றே மூத்த பெண். மேசைக்கு மேலால் குனிந்து, பேச்சுவாக்கில் கேட்டார்: “எப்போது வீட்டுக்குத் திரும்புகிறீர்கள்?” நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, “நான்கு மணிக்குள்” என்றேன். அவர் சிரிக்காமலிருக்க முயன்றது தெரிந்தது. “நாட்டுக்கு” என்று திருத்தினார். நான் மன்னிப்புக் கேட்டு, இப்போதைக்கு எண்ணமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த மொழியில் நான் செய்யும் தவறுகளை ஒரு காலத்தில் குறித்து வைத்துத் திருத்துவேன். இது தவறென்றே எனக்குத் தோன்றவில்லை. வீடு என்று அவர் சொன்னதும் என் மனத்தில் வந்தது பனி மூடிய இந்தச் சன்னல், மயிலிட்டி வரவில்லை. பேருந்தில் வரும் வழியில்தான் அது எனக்கு உறைத்தது.

வீட்டில் எல்லோரும் நான் பங்குனி முடிய வந்துவிடுவேன் என்றே இருந்தார்கள். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் கைத்தொலைபேசியைச் சோற்றுப் பானையில் சாத்தி வைத்து, பேக்கனை வெட்டத் தொடங்கினேன். புதிய அட்டை வெட்டுப் பலகைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

3

அம்மாவின் முகம் முதலில் தெரிந்தது, பின்னால் புகை.

“என்ன மோனை, சாப்பிட்டனியோ?”

“இல்லையம்மா, இப்பத்தான் சமைக்கிறன்.”

“உதென்ன சட்டிக்கை, சிவப்பா?”

“பேக்கன் அம்மா. பண்டி இறைச்சி. நான் சொன்னனான் எல்லோ, சூப்புக்கு.”

அண்ணை எங்கிருந்தோ தலையை நீட்டினார். அப்பாவுடன் தொழிலுக்குப் போய்வந்து நித்திரை கொண்டு எழும்பிய முகம். “எடியேய், கடற்கரைக்காரன்ரை பெட்டை பண்டியிலை குழம்பு வைக்கிறாளோ? உங்கை மீன் இல்லையெண்டாச் சொல்லு, ஒரு வள்ளம் விடுறம். உது வெளியிலை தெரிஞ்சா உன்னை ஒருத்தனும் கட்டமாட்டான்.”

“நீ முதல் ஒருத்தியைக் கட்டிக் காட்டு. பிறகு அவளுக்குச் சொல்லலாம்,” என்றார் அம்மா.

நான் சிரித்தேன். மூவரும் சிரித்தோம். சொல்வதற்கு அதுவே நல்ல தருணம் என்று நினைத்து, காய்கறிக்குத் தண்ணீர் விட்டேன். கிழங்கு வேகட்டும், மிசோவைக் கரைத்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்கிடையில் அண்ணையின் வலை, அப்பாவின் முழங்கால், கிணற்றுக்கு மூடி போட்ட கதை எல்லாம் போயின. மிசோவைக் கரைக்கத் தொடங்கினேன்.

அப்போது அம்மா வேலிப்பக்கம் திரும்பி, “இந்திரா! எடி இந்திரா! ஒருக்கா வந்திட்டுப் போ” என்று கூப்பிட்டார். இந்திரா என் சின்னம்மா, அம்மாவின் தங்கை, அடுத்த வளவு. ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி குசினிக்குள் வந்தவர் என்னைக் கவனிக்கவில்லை. வந்ததும் வலக்கையை விரித்து நீட்டினார். அம்மா அகப்பையால் மண்சட்டியிலிருந்து சில துளிகளை அந்த உள்ளங்கையில் விட்டார். சின்னம்மா நக்கிப் பார்த்தார்.

“புளி காணும். உப்பு ஒரு சொட்டுக் குறைவு. நாலு கல்லுப் போடு.”

அம்மா நான்கு கல் போட்டு, மேலே மிதந்த மீன் துண்டை அகப்பையால் உள்ளே அமுக்கினார். பாரை.

நான் கைக்குச்சியை நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் அம்மா தானே உப்புப் பார்க்காமல் சமைப்பது விரத நாளில் மட்டும்தான். விரத நாளில் எங்கள் அடுப்பில் மீன் வேகாது. இரண்டும் ஒரே சட்டியில் நடந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“என்னம்மா, இண்டைக்கு விரதமோ?”

அம்மா திடுக்கிட்டது தெளிவாகத் தெரிந்தது. “ஓம்... சனி விரதம்.”

சின்னம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “ஐயோ அக்கா! பாரையோடை சனி விரதம் பிடிக்கிற முதல் ஆள் நீதான்.”

“இந்திரா, நீ போ. அங்கை உன்ரை அடுப்பு எரியுது.”

“எரியட்டும். ரெண்டு வரியமா உப்புப் பாத்து என்ரை நாக்குத் தேஞ்சு போச்சு. பிள்ளைக்கும் தெரியட்டும்.” சின்னம்மா தொலைபேசிக்குக் கிட்ட வந்தார். “எடி பிள்ளை, நீ போன புதுசிலை உங்கை பூமி நடுங்கினதெல்லோ? உன்னைப் போனிலை பிடிக்கேலாமல் நாங்கள் இஞ்சை தவிச்சுப்போனம். அண்டைக்கு உன்ரை கொம்மா பிள்ளையாருக்கு நேந்தவ. நீ வந்து தன்ரை முன்னாலை நிக்கும் மட்டும் மீன் வாயிலை வைக்கமாட்டாவாம்.”

“அம்மா?”

“அது ஒண்டுமில்லை மோனை. நான் என்ன, பட்டினியோ கிடக்கிறன்? பருப்பிருக்கு, கத்தரிக்காயிருக்கு. சீனி வருத்தமும் குறைஞ்சிருக்கெண்டு தெல்லிப்பழையிலை டொக்டர் சொன்னவர்.”

“அதுதான் அப்பா இப்ப ஒட்டி கொண்டு வாறதில்லை,” என்றார் அண்ணை. அவருடைய குரலில் பகிடி இல்லை. “கரையிலையே குடுத்திட்டு வாறார். அம்மாவுக்கு ஒட்டி எண்டா...”

“நீயும் துடங்காதை,” என்றார் அம்மா.

ஒட்டி எங்கள் கடலில் படும் சிறிய மீன். அம்மாவுக்கு மற்ற மீன் எல்லாம் ஒரு பக்கம், ஒட்டி ஒரு பக்கம். கறிக்கென்று அப்பா எடுத்துவைக்கும் மீனில் ஒட்டி இருந்தால் அன்று அம்மா எங்களுக்கு முன்பே சாப்பிட்டுவிடுவார். அதைச் சொல்லி நாங்கள் கேலி செய்வோம்.

“இன்னும் ரெண்டு மூண்டு கிழமைதானே!” சின்னம்மா தொலைபேசியைத் தூக்கி அலுமாரியின் மேல்தட்டுக்குக் காட்டினார். “உங்கை பார். புதுச்சட்டி. நீ வாற அண்டைக்கு ஒட்டி காய்ச்ச எண்டு வாங்கி, கஞ்சி வடிச்சு ஊத்திப் பழக்கி வைச்சிருக்கிறா. ஒருத்தரும் தொடேலாது.”

சிவந்த மண்சட்டி ஒன்று வாய் கவிழ்த்தபடி இருந்தது. அடியில் கரி படவில்லை.

“அம்மா, என்ரை சூப் கொதிக்குது. பிறகு எடுக்கிறன்,” என்றேன்.

அது பொய்யல்ல. அடுப்பை அணைக்க மறந்திருந்தேன். மிசோ போட்ட சூப் பொங்கிச் சட்டியின் விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது.

4

அந்த நேர்த்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அது அவ்வளவு பாரமாக இருந்தது.

எங்கள் குடும்பத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தொழிலுக்குப் போன வள்ளம் வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் அவர்கள் மீனைத் தொடமாட்டார்கள். ஆளைத் திருப்பித் தராத கடலின் பொருளை உண்பதில்லை என்பது அதன் கருத்து. சட்டியில் வெந்துகொண்டிருக்கும் குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் கரையில் போய் நிற்பார்கள். பிள்ளையாருக்குச் சொல்வார்கள்: ஆள் வந்து முன்னால் நிற்கட்டும், பிறகு தொடுகிறேன். பெரும்பாலும் ஓர் இரவு. கூடினால் இரண்டு நாள். இயந்திரம் பழுதாகி எங்கோ ஒதுங்கிய வள்ளம் வந்து சேரும். இறக்கி வைத்த குழம்பு மறுபடி அடுப்பில் ஏறும். நான் சிறுமியாக இருந்தபோது, இராணுவம் பிடித்து வைத்த எங்கள் காணிகள் திரும்பக் கிடைக்காமல் புத்தூரில் வாடகை வீட்டில் இருந்த காலத்திலும் இந்த வழக்கம் விடுபடவில்லை. கடலோ கண்ணுக்கெட்டாத தூரம். சுற்றிவர வெங்காயத் தோட்டம். அப்பா வரத் தாமதித்த ஒரு காலை, அம்மா அந்தத் தோட்டவெளியைப் பார்த்தபடியே மீன் சட்டியை இறக்கி வைத்தது நினைவிருக்கிறது.

ஓர் இரவுக்கென்று ஏற்பட்ட நேர்த்தி அது. அம்மா அதை எனக்காக எடுத்து இரண்டு ஆண்டுகள் சுமந்திருக்கிறார்.

பூமி நடுங்கிய அந்த நாளையும் நினைவில் தேடி எடுத்தேன். நான் வந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. தெற்கே எங்கோ நிலம் குலுங்கியது. இங்கே ஒரு கோப்பைகூட ஆடவில்லை. ஆனால் ஊர்த் தொலைக்காட்சிக்கு ஜப்பான் என்பது ஒரே இடம். அன்று நான் கைத்தொலைபேசியை அறையில் விட்டுவிட்டு நூலகத்துக்குப் போயிருந்தேன். மறந்து விடவில்லை. வீட்டிலிருந்து அடிக்கடி அழைப்பு வருகிறது, படிக்க முடியவில்லை என்று வேண்டுமென்றே விட்டேன். மாலையில் வந்து பார்த்தபோது திரை முழுவதும் அழைப்புகள். எடுத்து, “அது எங்கையோ தூரத்திலை அம்மா, சும்மா பயப்பிடாதேங்கோ” என்று சற்றுச் சினத்துடன் சொன்னேன். அம்மா, “சரி மோனை, நீ சுகமெண்டாச் சரி” என்று வைத்துவிட்டார். நான் குரல் கொடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணினேன். அம்மா கேட்டது குரலை அல்ல. வந்து முன்னால் நிற்பதை.

இடையில் போயிருக்கலாம். அதுதான் என்னால் தாங்க முடியாதது. சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாதத்துக்கு மேல் வகுப்பு இல்லை. கூடப் படிக்கும் இருவருடன் மலைப்பக்கத்து வெந்நீர் ஊற்றுக்குப் போய்வந்தேன். மிகுதி நாட்களில் வாசித்தேன். “இந்த முறை வரேல்லை அம்மா, வேலை கிடக்கு” என்றபோது அம்மா, “படிப்பைப் பார் மோனை, இப்ப வந்து என்ன செய்யப் போறாய்” என்றார். என்மீது குற்றமில்லை என்பதற்கு அந்த வாக்கியத்தைச் சான்றாக வைத்திருந்தேன். அதைச் சொன்ன வேளையிலும் அலுமாரிக்குக் கீழே நின்று, தான் தொடாத மீனைத்தான் அம்மா அரிந்துகொண்டிருந்திருப்பார்.

இன்னொன்று. விரத நாட்களில் அம்மாவுக்கு உப்புப் பார்த்தது நான். பூசனிக்காய்க் கறியோ பருப்போ, “மோனை, கையை நீட்டு” என்பார். உள்ளங்கையில் சூடாக விழும். நான் ஊதி, நக்கி, “காணும்” என்றோ “இன்னும் ரெண்டு கல்லு” என்றோ தீர்ப்புச் சொல்வேன். அண்ணைக்கு அந்த வேலை கிடைத்ததில்லை. அவருக்கு எல்லாம் ருசிதான். பல்கலைக்கழகத்துக்குப் போகும் வயதிலும் நான்தான் பார்த்தேன். எனக்காகவே அம்மா நாள்தோறும் விரதக்காரியானபோது, அந்தக் கையை நீட்ட நான் அங்கே இல்லை.

5

அன்று மாலை சூப்பைக் குடிக்க முடியவில்லை. மூடி வைத்துவிட்டு என் ஆய்வேட்டை எடுத்தேன்.

என் முதுகலை ஆய்வு காத்திருத்தலைப் பற்றியது. இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நெய்தல் நிலத்துத் தலைவியின் இரங்கலையும், இந்த நாட்டின் பழைய அரசவைப் பெண்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகளில் வரும் காத்திருத்தலையும் ஒப்பிட்டிருந்தேன். கடற்கரையில் பிறந்தவள் என்பதால் இதை எழுத எனக்குத் தனித் தகுதி உண்டு என்று முன்னுரையில் அடக்கமாகக் குறிப்பிட்டும் இருந்தேன். முடிவுரையில் ஒரு வாக்கியம் உண்டு: காத்திருப்பவள் தன் காத்திருப்பைச் சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் இலக்கியம் தொடங்குகிறது. தேர்வாளர்கள் அதைக் குறிப்பாகப் பாராட்டினார்கள். அதன் பேரில்தான் மேற்படிப்புக்கு இடமும் கிடைத்தது.

அம்மா ஒன்றும் சொல்லத் தொடங்கவில்லை. தங்கையைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொன்னார், அவ்வளவே. நான் படித்த பாடல்கள் எதிலும் இப்படி ஒரு பெண் இல்லை; இருந்திருந்தாலும் நான் கண்டிருக்கமாட்டேன்.

படிப்பை விட்டுவிடலாமா என்று எண்ணாமலில்லை. நேர்மையாகச் சொன்னால், அந்த எண்ணம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. எனக்கு இந்தப் படிப்பு வேண்டும். இந்த அறை, இந்த நூலகம், பனி உருகும்போது கூரையிலிருந்து சொட்டும் ஒலி, ஒருவரும் என்னை எதுவும் கேட்காத பிற்பகல்கள் எல்லாம் எனக்கு வேண்டும். அம்மாவின் நாக்கில் மீன் படாத ஒவ்வொரு நாளிலும் இவற்றை விரும்பி அனுபவித்தேன். அது தெரிந்த பிறகும் விரும்புகிறேன். குற்றவுணர்ச்சி மனிதரை மாற்றிவிடும் என்று எழுதுவார்கள். என்னை அது மாற்றவில்லை. தூங்க விடாமல் மட்டும் வைத்திருந்தது.

6

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்ததும் முதலில் ஊருக்குப் போகப் பயணச்சீட்டை எடுத்தேன். சொல்லிவிட்டு எடுக்கலாம் என்று வைத்தால் மறுபடி ஒரு காரணம் முளைக்கும் என்று என்னை எனக்குத் தெரியும். பிறகு ஒன்பதரைக்கு அழைத்தேன். அங்கே காலை ஆறு. அப்பா கடலிலிருந்து வந்து, தலை ஈரம் காயாமல், வெறுந்தேநீருடன் குசினிப் படியில் இருந்தார்.

“என்ன மோனை, விடியக்காலமை? சுகமோ?” அம்மாவின் குரல் பதறியது.

“சுகம் அம்மா. ஒண்டு சொல்ல வேணும். அப்பாவும் கேக்கட்டும்.”

சொன்னேன். கேளாமல் விண்ணப்பித்ததை, இடம் கிடைத்ததை, அட்டை வந்ததை, இன்னும் மூன்று ஆண்டுகள் என்பதை. அடுக்கிச் சொல்லத் திட்டமிட்டிருந்தேன். அடுக்குக் குலைந்து வந்தது.

“மூண்டு வரியம்,” என்றார் அம்மா. அது கேள்வியாக இல்லை.

உள்ளேயிருந்து அண்ணையின் குரல்: “நான் சொன்னனான், பண்டி ருசிச்சிட்டுதெண்டு.”

“நீ சும்மா கிட.”

“ஆனா வாற செவ்வாய்க்கிழமை வெளிக்கிட்டு வாறன் அம்மா. ரிக்கற் எடுத்தாச்சு. பத்து நாள் நிப்பன். பிறகு திரும்பிப் போயிடுவன்.”

அம்மாவின் கண் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போனது போலத் தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

“பத்து நாள் வந்து நிண்டா அது வந்ததோ? நீ ஒரேயடியா வந்திடுவாய் எண்டெல்லோ நான் நேந்தனான்.”

அப்பாதான் பேசினார். தொலைபேசியில் அவர் பேசுவதே அரிது.

“ஏன் வராததோ? வள்ளம் கரைக்கு வந்தா வந்ததுதான். நாளைக்கும் கடலுக்குப் போகுமெண்டதுக்காக, இண்டைக்கு வரேல்லையெண்டு ஆராவது சொல்லுறதோ? நான் நாப்பது வரியமா அப்பிடித்தானே வாறன்.”

“உங்களுக்கென்ன? பின்னேரம் போய் விடிய வாறனீங்கள்.”

“அவள் கொஞ்சம் தூரத்துக்குப் போறாள்.” அப்பா தேநீரை ஒரு மிடறு குடித்தார். “பிள்ளையாருக்கு விளங்கும். அவரும் கடற்கரையிலைதானே இருக்கிறார்.”

அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். “சரி. அப்ப புதன், வியாழனுக்கு ஒட்டி படுதோ எண்டு பாருங்கோ. கரையிலை குடுத்திட்டு வாறேல்லை.”

“ஓம் ஓம்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் விடவில்லை. “அம்மா, நான் திரும்பிப் போன பிறகு ஒண்டும் நேரக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ.”

“அதை நீ சொல்லாதை.” அம்மா நேராக என்னைப் பார்த்தார். கோபமில்லை, சமையல் சொல்லித்தரும் குரல். “நீ உங்கை இன்னும் படிக்கப்போறன் எண்டு எழுதிக் குடுக்கேக்கை என்னைக் கேட்டனியோ? நான் நேரேக்கை உன்னைக் கேக்கமாட்டன்.”

அப்பா சிரித்துவிட்டார். அம்மாவும் கொஞ்சம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வைக்கப் போகும்போது அம்மா, “மோனை, நில்லு” என்றார். “நீ நேற்றுச் சட்டிக்கை கரைச்சனி, உந்தக் களி... அதிலை ஒரு பைக்கற் கொண்டு வா. பண்டி வேண்டாம். ரெண்டு வரியமா நீ என்னத்தைக் குடிக்கிறாய் எண்டு நான் ஒருக்கா உப்புப் பாக்க வேணும்.”

அழைப்பு முடிந்தது. கடை திறக்க நேரமிருந்தது. நேற்றைய சூப்பை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாமல் சூடாக்கினேன். பிறகு இடக்கையால் அகப்பையைப் பிடித்து, என் வலது உள்ளங்கையில் நானே சில துளிகளை விட்டு, ஊதி, நக்கிப் பார்த்தேன்.

உப்புக் கூடிப்போயிருந்தது. நேற்று மட்டுமல்ல, இந்த இரண்டு ஆண்டுகளும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். சொல்வதற்கு ஆள் இருக்கவில்லை.

சட்டிக்குள் ஒரு கோப்பை தண்ணீர் விட்டேன். சப்பாத்தை மாட்டிக்கொண்டு, பனிக்குள் இறங்கி, மிசோ வாங்கப் போனேன்.